மனக்களைப்பை வைத்து ஓர் ஆர்ட் ப்ராஜெக்ட்: 24 தாள், 4 அமர்வு, 3 வாரம்

மனக்களைப்பு என்று தலைப்பு கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். மேசைமேல் புத்தகக் குவியல், நடுவில் தலையைக் கையில் தாங்கிய உருவம், மேலே ஒரு கருமேகம். தலையைத் தாங்கிய அந்தக் கை 1514லேயே வந்துவிட்டது. ஜெர்மானியக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரர் செப்புத் தகட்டில் செதுக்கிய ‘மெலன்கோலியா 1’ படத்தில், கையில் காம்பஸும் காலடியில் ரம்பமும் இழைப்புளியும் கிடக்க, ஒரு உருவம் வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கும். அதையே மறுபடி வரைவது குற்றமில்லை. ஆனால் பார்ப்பவர் “ஓ, களைப்பா” என்று பெயரைப் படித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

களைப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது. காலையில் சரியாக இருந்த ஒன்று மாலையில் சரியாக இல்லாமல் போவதுதான் அது. அதனால் படைப்புக்குள் நேரம் ஓட வேண்டும். ஒரே வேலை பலமுறை நடந்து, அது எங்கே பிசகுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் இதற்குத் தயாராகவே ஒரு வடிவம் இருக்கிறது: இம்போசிஷன், தண்டனையாக ஒரே வாக்கியத்தைப் பலமுறை எழுதுவது. இந்த வழிகாட்டி இம்போசிஷனைக் கலைப்பொருளாக்குவது பற்றியது. மேல்நிலை வகுப்பு, நுண்கலைக் கல்லூரி முதலாண்டு, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் யாரும் செய்யலாம். ஓவியத் திறமை தேவையில்லை. கட்டரைப் பிடிக்கும் கை மட்டும் நிதானமாக இருக்க வேண்டும்.

முடிந்த படைப்பு எப்படி இருக்கும்

சுவரில் 24 ஏ4 தாள்கள், 4 வரிசை, 6 பத்தி. எல்லாத் தாளிலும் ஒரே வாக்கியம் பென்சிலில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் 7 நிமிடம்தான். மணி அடித்ததும் நடுச்சொல்லிலேயே நிறுத்திவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தாளிலும் எழுத்து ஒவ்வொரு உயரத்தில் நின்றுபோகும். தாள்களின்மேல் டிரேசிங் பேப்பர் தொங்கும். எழுதியவர் எவ்வளவு களைத்திருந்தாரோ அவ்வளவு தள்ளி அது நிற்கும். தள்ளிப்போகப் போக எழுத்து மங்கும். பிழை விழுந்த இடங்களில் மட்டும் டிரேசிங் பேப்பரில் சின்னச் சின்ன ஜன்னல்கள் வெட்டியிருக்கும். மூட்டத்துக்குள் தெளிவாகத் தெரிவது பிழைகள் மட்டும். களைத்த மனம் தன் நாளைத் திரும்பிப் பார்க்கும் விதமும் ஏறக்குறைய இதுதான்.

நேரத்தைக் கட்டி அளவை அவிழ்த்துவிடும் இந்த உத்தி உளவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் ஆட்களை ஒற்றை இலக்க எண்களைத் தொடர்ந்து கூட்டவைத்து, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை கூட்டல் முடிந்தது என்று அளந்தார். அதைக் கோடாக வரைந்தால் ‘வேலை வளைவு’. ஜப்பானில் உச்சிதா யுசாபுரோ இதைத் தேர்வாக வளர்த்தார்: 15 நிமிடம் கூட்டல், 5 நிமிடம் ஓய்வு, மறுபடி 15 நிமிடம், ஒவ்வொரு நிமிடமும் அடுத்த வரிக்குத் தாவ வேண்டும். ஒவ்வொரு வரியும் நின்ற இடத்தை இணைத்தால் வளைவு விடைத்தாளிலேயே வந்துவிடும். அந்தத் தாள் யாரும் திட்டமிடாமல் வரையப்பட்ட ஓர் ஓவியம். நாம் செய்யப்போவது அதன் பெரிய வடிவம்.

கலைப் பக்கத்தில் இரண்டு முன்னோடிகளை அறிந்துவைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உதவும். தைவானில் பிறந்த டெஹ்சிங் ஷே 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை ஓராண்டு, நியூயார்க்கில், மணிக்கொருமுறை தொழிற்சாலை வருகைக் கடிகாரத்தில் அட்டை குத்தினார். 8,760 முறையில் 133 தவறின. தூங்கிப்போனது 94, தாமதம் 29, முந்திக் குத்தியது 10. தவறியவற்றை மறைக்காமல் கணக்காகவே வைத்தார். அந்தப் படைப்பின் உயிர் அந்த 133தான். போலந்துக் கலைஞர் ரோமன் ஒபாவ்கா 1965இல் கான்வாஸில் 1, 2, 3 என்று எண்களை எழுதத் தொடங்கி 2011இல் இறக்கும்வரை தொடர்ந்தார். 1972 முதல் ஒவ்வொரு கான்வாஸின் பின்னணியிலும் ஒரு சதவீதம் வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனார். மங்குவதை இப்படித் திட்டமாகச் செய்ய முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

பொருட்கள்

கார்ட்ரிட்ஜ் தாள், ஏ4, 120 முதல் 150 ஜிஎஸ்எம், 35 தாள். ஜெராக்ஸ் தாள் (70–75 ஜிஎஸ்எம்) வேண்டாம். பென்சில் அழுத்தத்தில் மறுபக்கம் புடைத்து, சுவரில் ஒட்டியதும் ஓரம் சுருளும்.
டிரேசிங் பேப்பர், 90 ஜிஎஸ்எம், ஏ4, 30 தாள்.
2பி பென்சில் 6, கோடு போட 2எச் பென்சில் 1.
சன்போர்டு (பிவிசி நுரை அட்டை) 5 மி.மீ., 8 × 4 அடி ஷீட் ஒன்று. 3 மி.மீ. சன்போர்டு, 2 × 2 அடித் துண்டு போதும்.
இருபுற ஒட்டு டேப்: 12 மி.மீ. ஒரு சுருள், 6 மி.மீ. இரண்டு சுருள்.
9 மி.மீ. கட்டர், புதிய பிளேடு ஒரு பாக்கெட், 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட்.

மலிவு என்று வீட்டுச் சமையலறை பட்டர் பேப்பரை வாங்கப் போகிறவர்கள் அதிகம். அதில் மெழுகு போன்ற பூச்சு இருந்தால் டேப் பிடிக்காது. மெல்லிய டிரேசிங் தாளும் மழைநாளில் அலையலையாக நெளியும். கட்டிடக்கலை மாணவர்கள் வாங்கும் கடையில் 90 ஜிஎஸ்எம் என்று கேட்டே வாங்குங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விரல் தடம் நிரந்தரமாக விழும். முகத்துக்கு கிரீம் போட்ட கையோடு தொடவே கூடாது. ஃபெவிகால் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் பட்ட இடத்தில் டிரேசிங் பேப்பர் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், திரும்ப நேராகாது.

முதல் வாரம்: குறிப்பு

ஏழு நாள், நாளுக்கு மூன்று முறை, மூன்று வரி: மணி என்ன, எதைச் செய்துகொண்டிருந்தீர்கள், மனம் என்ன செய்தது. “சோர்வாக இருந்தது” என்று எழுதக் கூடாது. “கெமிஸ்ட்ரியில் ஒரே பத்தியை மூன்று தரம் படித்தேன், ஒன்றும் ஏறவில்லை”, “எந்தச் சட்டை போடுவது என்று முடிவு செய்ய முடியவில்லை”, “தம்பி கதவைத் திறந்ததற்குக் கத்தினேன்” என்று நடந்ததை எழுதுங்கள். வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் உங்கள் களைப்புக்கு ஒரு குணம் இருப்பது தெரியும். சிலருக்குக் கவனம் நழுவும், சிலருக்கு எதையும் தொடங்க முடியாது, சிலருக்கு எரிச்சல்.

இந்தக் குறிப்பு சுவருக்குப் போகாது. ஆசிரியர் கேட்டாலும் சுருக்கம் மட்டும் காட்டினால் போதும்.

குறிப்பில் வேறு ஒன்று தென்பட்டால் நிறுத்துங்கள். ஓய்வெடுத்தால் களைப்பு இறங்கும். தூங்கி எழுந்தும் இறங்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையே இல்லாமல், தூக்கமும் சாப்பாடும் மாறிப்போய், உயிரோடு இருப்பதே பாரம் என்ற நினைப்பும் வந்தால் அதற்கு இந்த ப்ராஜெக்ட் வடிகால் ஆகாது. மருத்துவ உதவி வேண்டும். வீட்டிலோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

வாக்கியம்

“நான் களைத்துவிட்டேன்” என்று எழுதாதீர்கள். பார்ப்பவர் உணர வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டால் 24 தாளுக்கும் வேலையில்லை. இம்போசிஷன் சாயலில், சாதாரணமான, கொஞ்சம் பொய்யான வாக்கியம்தான் நன்றாக நிற்கும். இங்கே எடுத்துக்கொள்வது:

நாளை காலை சீக்கிரம் எழுந்து படிப்பேன்

இதில் ஐந்து சொல், ஐந்து புள்ளி (க், ம், ந், ப், ன்). 20 வரி எழுதினால் 100 புள்ளி இருக்க வேண்டும். எண்ணிச் சரிபார்ப்பது எளிது. ளை, லை, பே என்று மூன்று கொம்புகளும் உண்டு. தமிழில் கவனம் நழுவும்போது பிசகுகிற இடங்கள் இவைதான்: புள்ளி விடுபடும், கொம்பு அடுத்த எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும், “படிப்பேன்” “படிபேன்” ஆகும், ஒரு முழுச் சொல்லே காணாமல் போகும். உங்கள் வாக்கியத்தை நீங்களே தேர்ந்தெடுத்தால் நான்கு முதல் ஆறு சொல்லுக்குள், குறைந்தது நான்கு புள்ளியோடு, ஒரே வரியில் அடங்கும்படி வையுங்கள். இரண்டு வரிக்கு மடங்கும் வாக்கியத்தில் பிழை எண்ணுவது தலைவலி.

கோடு போடுதல், வெள்ளோட்டம்

32 தாளில் 2எச் பென்சிலால் மெலிதாகக் கோடு போடுங்கள். மேல் ஓரத்திலிருந்து 2 செ.மீ. விட்டு, 8 மி.மீ. இடைவெளியில் 33 வரி. இடமும் வலமும் 2 செ.மீ. கீழே 1.3 செ.மீ. மிச்சமாகும்; பிறகு டிரேசிங் பேப்பரைத் தள்ளி நிறுத்தும் சட்டம் ஒட்ட அந்த இடம் வேண்டும். ஒரு தாளைக் குறியிட்டு, அதன் ஓரக் குறிகளை மற்றவற்றுக்கு மாற்றினால் வேலை பாதியாகும்.

மீதி மூன்று தாள், இதே கோடுகளோடு, வெள்ளோட்டத்துக்கு. நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் உங்கள் இயல்பான வேகத்தில் 7 நிமிடம் எழுதிப் பாருங்கள். எழுத்து தாளின் முக்கால் பாகத்தில் நிற்க வேண்டும், அதாவது 24, 25ஆம் வரி. 33ஐயும் தாண்டுகிறீர்கள் என்றால் நிமிடத்தைக் குறையுங்கள். 19 வரிதான் வருகிறது என்றால் 9 நிமிடமாக்குங்கள். ஒருமுறை முடிவு செய்த நிமிடத்தை 24 தாளுக்கும் மாற்றக் கூடாது.

இங்கேதான் அடிப்படைத் தவறு நடக்கும். “ஒவ்வொரு தாளிலும் 25 வரி எழுதுகிறேன்” என்று வரியைக் கட்டிவிட்டால் 24 தாளும் ஒரே உயரத்தில் நின்று, சுவரில் வால்பேப்பர் மாதிரி தெரியும். கட்ட வேண்டியது நேரத்தை மட்டுமே.

இரண்டாம் வாரம்: நான்கு அமர்வுகள்

ஒரு நாளைக்கு ஓர் அமர்வு. ஒவ்வோர் அமர்வும் சுவரில் ஒரு வரிசை.

முதல் வரிசை, விடுமுறை நாள் காலை, எழுந்து ஒரு மணி நேரம் கழித்து. இரண்டாவது, பள்ளி நாள் மாலை, வீடு வந்து 15 நிமிடத்தில். மூன்றாவது, இரண்டு மணி நேரம் தொடர்ந்து படித்து முடித்த உடனே. நான்காவது, தேர்வோ நீண்ட டியூஷனோ இருந்த நாளின் மாலை. எதுவும் இரவு 9.30ஐத் தாண்டக் கூடாது. களைப்பைக் கூட்டுவதற்காகத் தூக்கத்தைக் கெடுப்பது, சாப்பிடாமல் இருப்பது எல்லாம் இந்த ப்ராஜெக்டில் கிடையாது. அன்றாடம் என்ன களைப்பு இருக்கிறதோ அதுவே தாளில் விழப் போதுமானது.

நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடித்தால் கிடைப்பது மனக்களைப்பு அல்ல, கைவலி. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் ஒரு நிமிடம் கட்டாய ஓய்வு, கையை உதறிவிட்டு விரல்களை நீட்டி மடக்குவது, இவையும் அதற்காகத்தான். சுவருக்குப் போகும் ஆறு தாளுக்கும் ஐந்து இடைவெளிக்கும் சேர்த்து 47 நிமிடம். அப்படியும் கைக்களைப்பு கொஞ்சம் கலக்கவே செய்யும். அதை மறைக்க வேண்டாம்.

எழுதத் தொடங்கினாலே மணிக்கட்டு வலிப்பவர்களுக்கு மாற்றுவழி: பிரெஞ்சு உளவியலாளர் பெஞ்சமின் பூர்தோன் 1895இல் கொண்டுவந்த எழுத்தடிப்புச் சோதனை. நாளிதழ்ப் பத்திகளை ஏ4 தாளில் ஒட்டி, ஏழு நிமிடத்தில் கண்ணில் படும் ‘க’ எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே போக வேண்டும். விட்டுப்போன ‘க’தான் பிழை. மற்ற எல்லாப் படிகளும் அப்படியே பொருந்தும்.

உதவிக்கு ஒருவர் தேவை. தம்பி, தங்கை, நண்பர் யாரானாலும் சரி. அவர் வேலை மூன்று.

ஒன்று, நேரம் பார்ப்பது. போன் அவர் கையில், திரை உங்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நிமிடம் தெரிந்தால் கடைசி அரை நிமிடத்தில் கை தானாக விரையும்.

இரண்டு, எப்போது முடிப்பது என்பதை உங்களிடம் சொல்லாமல் வைப்பது. ஒவ்வோர் அமர்வுக்கும் எட்டுத் தாள் அடுக்கி வையுங்கள். அவர் விருப்பப்படி ஏழாவதிலோ எட்டாவதிலோ நிறுத்தட்டும். சுவருக்குப் போவது முதல் ஆறு மட்டும். கிரேப்பலின் கவனித்த ஒரு விஷயம் இதற்குக் காரணம்: முடிவு வந்துவிட்டது என்று தெரிந்தால் களைத்தவரும் கடைசியில் ஒரு வேகம் எடுப்பார். “இதுதான் கடைசித் தாள்” என்று தெரிந்து எழுதினால் ஆறாவது தாள் முதல் தாளைப் போலப் பளிச்சென்று வந்து நிற்கும், வரிசையின் கதையே தலைகீழாகும்.

மூன்று, ஒவ்வொரு தாள் முடிந்ததும் “எத்தனை?” என்று கேட்டு, நீங்கள் சொல்லும் எண்ணைத் தாளின் பின்னால் குறிப்பது. இதுவே அந்தத் தாளின் மதிப்பெண். 0 என்றால் மனம் முழுக்க வாக்கியத்தில் இருந்தது. 5 என்றால் எழுதியது கை மட்டும்தான், மனம் வேறெங்கோ. யோசிக்காமல் ஐந்து விநாடிக்குள் சொல்ல வேண்டும், முந்தைய எண்ணைக் கேட்கக் கூடாது. கூடவே அமர்வு எண், தாள் எண், தேதி, தொடங்கிய மணி.

எழுதுபவருக்கு இரண்டே விதி. ரப்பர் இல்லை, அடித்தல் திருத்தலும் இல்லை. பிழை கண்ணில் பட்டாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அமர்வு முழுவதும் ஒரே பென்சில், நடுவில் சீவக் கூடாது. முதல் தாளில் ஊசியாக இருக்கும் கோடு ஆறாவது தாளில் தடித்து மெழுகுபோலப் பளபளக்கும். அது மனத்தின் அளவீடு அல்ல, நேரம் போனதன் அடையாளம்; தூரத்திலிருந்து பார்க்கும்போது வரிசைக்கு ஒரு சாயலைக் கொடுப்பது இந்தத் தடிமன்தான். முனை உடைந்தால் மாற்றுப் பென்சிலை எடுங்கள், பின்பக்கத்தில் குறித்துவிடுங்கள். அடுத்த அமர்வுக்குப் புதிதாகச் சீவிய பென்சில்.

பால்பாயிண்ட் பேனா ஏன் கூடாது? எழுதிய கோடு கடைசிவரை ஒரே தடிமனில் ஓடும், நேரம் தெரியாது. தவிர, பின்னால் யாராவது எழுத்து கலையாமலிருக்க ஃபிக்ஸேடிவ் ஸ்பிரே அடித்தால் அதிலுள்ள ஆல்கஹாலில் மை கசியும்.

நான்கு அமர்வு முடிந்ததும் 24 தாளையும் தரையில் பரப்பிப் பாருங்கள். எதிர்பார்த்த இறக்கம் வராமல் இருக்கலாம். முதல் வரிசையில் இரண்டாம், மூன்றாம் தாளில் எழுத்து கூடுவது சகஜம், பழக்கம் ஏறுகிறது. சிலருக்கு வேகம் கடைசிவரை குறையவே குறையாது, பிழை மட்டும் எகிறும். சிலருக்கு நேர்மாறு. எதுவானாலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். களைத்த மாதிரி வேண்டுமென்றே எழுதிய தாள் சுலபமாகப் பிடிபடும்: எழுத்து ஒரே சீராகச் சாய்ந்து, ஒரே சீராகக் கோணி இருக்கும். உண்மையான களைப்பில் பத்து வரி ஒழுங்காகப் போய், பதினோராவது திடீரென்று பிசகி, பன்னிரண்டாவது மறுபடி ஒழுங்காகிவிடும்.

மூன்றாம் வாரம்: ஜன்னலும் மூட்டமும்

பிழை எண்ணுவதை இன்னொருவரிடம் கொடுங்கள். எழுதியவர் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும். தாளின்மேல் சிவப்பு மை எதுவும் படக் கூடாது. டிரேசிங் பேப்பரைத் தாளோடு ஒட்டினாற்போல் வைத்து, மேல் ஓரத்தை மட்டும் பேப்பர் கிளிப்பால் பிடித்து, பிழை இருக்கும் இடத்தைச் சுற்றி 2எச் பென்சிலால் 12 × 8 மி.மீ. கட்டம் வரையுங்கள். 0 மதிப்பெண் தாள்களுக்கு இது தேவையில்லை. அவற்றின்மேல் டிரேசிங் பேப்பரே வராது.

டிரேசிங் பேப்பர் தாளோடு ஒட்டியிருந்தால் எழுத்து நன்றாகவே தெரியும். சில மில்லிமீட்டர் விலகினாலே ஒளி சிதறி எழுத்து கரையத் தொடங்கும். மொத்தப் படைப்பும் இந்த ஒரு குணத்தின்மேல் நிற்கிறது. மதிப்பெண்ணுக்கு ஏற்ற இடைவெளி இப்படி (அடைப்புக்குள் இருப்பது அடுக்க வேண்டிய சன்போர்டுச் சட்டங்களின் தடிமன்):

0 – மூட்டம் இல்லை
1 – தாளோடு ஒட்டி
2 – 3 மி.மீ.
3 – 5 மி.மீ.
4 – 8 மி.மீ. (5 + 3)
5 – 13 மி.மீ. (5 + 5 + 3)

13 மி.மீ.க்கு மேல் போவதில் பயனில்லை. எழுத்து சாம்பல் பட்டையாகிவிடும், எழுத்து என்பதே தெரியாது. முதல் பத்தியிலிருந்து ஆறாவது பத்திவரை படிப்படியாக மூட்டத்தைக் கூட்டினால் அழகாக இருக்குமே என்று மனம் சொல்லும். செய்யாதீர்கள். நீங்கள் அந்த நிமிடத்தில் சொன்ன எண்தான் இடைவெளி. 2, 4, 1, 5 என்று தாறுமாறாக வந்தால் தாறுமாறாகவே இருக்கட்டும்.

ஜன்னல் வெட்டும்போது பிளேடு புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு டிரேசிங் பேப்பரை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். நாலைந்து தாளுக்கு ஒருமுறை முனையை ஒடித்துப் புதுமுனை எடுங்கள். மூலையில் கோடு குறுக்கே தாண்டினால் அங்கிருந்து கிழிசல் ஓடும். மூலைக்குச் சற்று முன்பே நிறுத்தி, தாளைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து வந்து சேருங்கள். இரண்டு பிழைகளுக்கு இடையே 5 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் தனித்தனி ஜன்னல் வேண்டாம், ஒன்றாக்குங்கள். நடுவில் மிஞ்சும் மெல்லிய பாலம் இரண்டே நாளில் அறுந்துவிடும். ஒரு தாளில் 40 பிழைக்கு மேல் போனால் பேப்பர் சல்லடையாகித் தொங்கும். அப்போது ஒரே வகைப் பிழையை, புள்ளி விடுபட்டதை மட்டும் என்று வைத்துக்கொண்டு, 24 தாளுக்கும் அந்த விதியையே கடைப்பிடியுங்கள்.

பலரும் தொங்கவிட்ட பிறகே கவனிக்கும் சிக்கல் ஒன்று உண்டு. 13 மி.மீ. தள்ளி நிற்கும் ஜன்னல் வழியே நேராகப் பார்த்தால் பிழை தெரியும். ஆனால் மேல் வரிசை கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. பார்வை கீழிருந்து மேல்நோக்கிப் போகும், ஜன்னலுக்குள் அதற்கு மேலுள்ள வரி தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இந்த நகர்வு மூன்று, நான்கு மி.மீ. வரை. 8 மி.மீ. உயர ஜன்னலில் அது பாதி. ஆகவே 4, 5 மதிப்பெண் தாள்களில், மேல் வரிசையில் இருந்தால் ஜன்னலை 3 மி.மீ. கீழே இறக்கியும், கடைசி வரிசையில் இருந்தால் 3 மி.மீ. மேலே ஏற்றியும் வெட்டுங்கள். நடு இரண்டு வரிசைக்கு இது தேவையில்லை.

சட்டமும் சுவரும்

5 மி.மீ. சன்போர்டிலிருந்து 21 × 122 செ.மீ. அளவில் ஆறு பட்டை வெட்டுங்கள். 4 அடி அகலம் என்பது 122 செ.மீ.; நான்கு ஏ4 தாளை 1 செ.மீ. இடைவெளியில் அடுக்கினால் 121.8 செ.மீ. சரியாக உட்காரும். ஆறு பட்டைக்கு ஷீட்டில் 126 செ.மீ. போகும், மிச்சத்தில் இடைவெளிச் சட்டங்களை 21 × 1 செ.மீ. அளவில் வெட்டிக்கொள்ளலாம். பட்டைகளாக இருப்பதால் ஆட்டோவிலும் பேருந்திலும் கொண்டுபோகலாம். ஒரே பெரிய பலகையாகச் செய்தவர்கள் பள்ளி வாசற்படியில் திருப்ப முடியாமல் தவிப்பதைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பட்டையும் ஒரு பத்தி: முதல் பட்டையில் நான்கு அமர்வுகளின் முதல் தாள்கள், மேலிருந்து கீழாக. தாளின் நான்கு ஓரத்திலும் பின்பக்கம் 12 மி.மீ. டேப் போட்டு ஒட்டுங்கள். இடைவெளிச் சட்டம் தாளின் மேல் ஓரத்தில் ஒன்று, கீழ் ஓரத்தில் ஒன்று, 6 மி.மீ. டேப்பால். அதன்மேல் டிரேசிங் பேப்பர்: மேல் சட்டத்தில் முழு நீளத்துக்கும் டேப், கீழ்ச் சட்டத்தில் நடுவில் 2 செ.மீ. மட்டும். நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டினால், ஈரக் காற்றில் பேப்பர் விரியும்போது போக இடமில்லாமல் நடுவில் வீங்கும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இது ஒரே இரவில் நடக்கும்.

சுவரில் பட்டைகளுக்கு இடையே 5 மி.மீ. மட்டும் விடுங்கள். மேலுக்கும் கீழுக்கும் 1 செ.மீ., பக்கவாட்டில் 5 மி.மீ. என்று இருப்பதால் கண் இடமிருந்து வலமாக ஓடும், வரிசை வரிசையாகப் படிக்கும். மொத்த அகலம் 128.5 செ.மீ. நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ., மேல் விளிம்பு 206 செ.மீ. சுண்ணாம்பு உதிரும் சுவரில் டேப்பை நம்ப வேண்டாம். பட்டைக்கு மேலே ஒரு துளை, ஓர் ஆணி, கீழே இரண்டு துண்டு டேப். மின்விசிறிக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். டிரேசிங் பேப்பர் படபடக்கும், பார்ப்பவர் கவனம் அதில் போய்விடும். விளக்கு நேர் எதிரிலிருந்து விழுந்தால் பேப்பர் கண்ணாடிபோல மின்னும். பக்கவாட்டில் சாய்வாக வரும் ஒளியில் ஜன்னல் ஓரங்களின் நிழல் விழுந்து ஆழம் தெரியும்.

வண்ணப் பெயர்களை வேறு நிற மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனையை (1935) பக்கத்தில் விளையாட்டாக வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கூட்டம் அங்கேயே நின்றுவிடும், படைப்பு அறிவியல் கண்காட்சி ஸ்டால் ஆகிவிடும்.

விளக்கக் குறிப்பும் வைவாவும்

குறிப்பு 60 சொல்லுக்குள் இருக்கட்டும், ஏ5 தாளில், 14 பாயிண்ட் எழுத்தில். உணர்ச்சிகளைச் சொல்லாமல் விதிகளை மட்டும் சொல்லுங்கள். மாதிரி:

“ஒரே வாக்கியம். ஒவ்வொரு தாளுக்கும் 7 நிமிடம். வரிசைகள்: விடுமுறைக் காலை, பள்ளி விட்ட மாலை, இரண்டு மணி நேரப் படிப்புக்குப் பின், தேர்வு நாள் மாலை. பென்சில் நடுவில் சீவப்படவில்லை. மேலுள்ள தாள் விலகியிருக்கும் தூரம், எழுதியவர் அந்த நிமிடத்தில் சொன்ன களைப்பின் அளவு. ஜன்னல்கள் பிழைகள்.”

தேர்வாளர் முதலில் கேட்பது “இதில் ஓவியம் எங்கே?” என்பதாகத்தான் இருக்கும். எழுத்து தமிழ்நாட்டு நவீன ஓவியத்துக்குப் புதிதல்ல. சென்னை கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்து 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் தன் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் வாசிக்க முடியாத எழுத்துகளால் கான்வாஸை நிரப்பினார். “இது ஆய்வா?” என்று கேட்டால் இல்லை என்றே சொல்லுங்கள்: ஒரே ஆள், நான்கு நாள், கைக்களைப்பும் பழக்கமும் கலந்தது, அளவீட்டு முறையைக் கடன் வாங்கிய படம் என்பதற்கு மேல் அதற்கு உரிமை இல்லை. “எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கிறதே” என்பவரிடம் வாயால் விளக்க வேண்டாம். மூன்றாம் வரிசையின் ஆறாவது தாளுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் ஜன்னல்களை எண்ணச் சொல்லுங்கள்.

இடமோ நேரமோ குறைவு என்றால் இரண்டு அமர்வு, 12 தாள் போதும்: விடுமுறைக் காலையும் தேர்வு நாள் மாலையும். பட்டைகள் பாதி உயரம், 61 செ.மீ. மூன்று வரிசை வைப்பதைவிட இந்த இரண்டே நேரடியாகப் பேசும் என்பது எங்கள் கருத்து.

படம் எடுக்கும்போது போனை 145 செ.மீ. உயரத்தில் வைத்து, மூன்று மீட்டர் பின்னால் நின்று, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டப் போய் வைட் லென்ஸில் எடுத்தால் ஓரப் பட்டைகள் வளையும். 4, 5 மதிப்பெண் தாள்களைச் சற்றே பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி படத்தில் விழாது. கழற்றி வைக்கும்போது பட்டைகளுக்கு நடுவே செய்தித்தாள் போடாமல் வெள்ளைத் தாள் போடுங்கள். செய்தித்தாளின் மை டிரேசிங் பேப்பரில் ஒட்டும், மஞ்சளும் ஏறும். பட்டைகளைப் படுக்கவைத்து, மேலே பாரம் எதுவும் ஏற்றாமல் வைத்தால் அடுத்த கண்காட்சிக்கு அப்படியே மாட்டலாம்.